வேர்க்கிராணியிடம் கேட்காதே

எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் புதுப்பெண்ணாக வருகிறவளிடம் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் மூன்று விஷயம் சொல்லி வைப்பார்கள். காலையில் எந்தக் குழாயில் முதலில் தண்ணீர் வரும், வேலை வாங்குகிற மண்டோர்களில் எவன் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான், அப்புறம் வேர்க்கிராணியிடம் எதையும் கேட்காதே. பாடாங் மேஹா பக்கத்திலிருந்து நான் கல்யாணமாகி வந்தபோது முதல் இரண்டும் புரிந்தன. மூன்றாவது புரியவில்லை.

"ஏன்க்கா, கோபக்காரரா?"

"கோபமே வராது. கேட்டா உள்ளதைச் சொல்லிடுவாரு. அதான் தொந்தரவு."

அவருக்குப் பெயர் ஒன்று, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுப் புத்தகத்தில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரப்பர் மரங்களின் அடியைத் தோண்டி, வேரில் வெள்ளைப் பூஞ்சணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து எழுதுகிற குமாஸ்தா வேலை அவருக்கு. நாற்பது வயது இருக்கும். தனி ஆள். ஒல்லியாக, கழுத்து நீண்டு, எப்போதும் தரையைப் பார்த்து நடப்பார். சட்டைப் பையில் ஒரு மடக்குச் சவரக்கத்தி. அதை வைத்து அவர் முகம் வழித்து யாரும் பார்த்ததில்லை, வேர் சீவத்தான். பேசிக்கொண்டே இருப்பார், காலடியில் ஒரு புல்லைக் கண்டால் குனிந்து பிடுங்கி, மண்ணை உதறி, வேரின் நுனியைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் விட்ட பேச்சைத் தொடருவார்.

ஒருத்தி பிறந்த குழந்தையைக் காட்டி, "பிள்ளை அழகா இருக்கானா அண்ணே?" என்று கேட்டாள். "தலை கொஞ்சம் நீளம். மூச்சு நல்லா விடுறான்" என்றார். கல்யாணப் பந்தியில் பெண்ணின் அப்பா சாப்பாடு எப்படி என்று கேட்டார். "சாம்பாருல உப்பு போடலை" என்று பதில் வந்தது. மழை வருமா என்று கேட்டால், "மேகம் இருக்கு. மழையை இன்னும் பார்க்கலை" என்பார். கேலி பண்ணுகிறார் என்று முதலில் நினைத்தேன். அவருக்குக் கேலி தெரியாது.

ஜப்பான்காரன் வரும்வரைக்கும் இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

துரைமார்கள் ஒரே நாளில் காரில் ஏறித் தெற்கே போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன வீட்டிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் ஒரு கம்பளி. பக்கத்து வீட்டில் பீங்கான் தட்டுகள். மூன்று வாரம் கழித்து ஜப்பான் சிப்பாய்கள் வந்து எல்லாரையும் பிரட்டுத் திடலில் நிறுத்தினார்கள். சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தான். குள்ளமான ஆள், வட்டக் கண்ணாடி, சந்தை மலாய் பேசினான். வெள்ளைக்காரன் பொருள் வைத்திருப்பவன் வெள்ளைக்காரனின் ஆள் என்றான். வரிசையில் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டான். எல்லாரும் இல்லை என்று தலையாட்டினோம். அவர் முறை வந்தது.

"ஒரு மைக்ராஸ்கோப் இருக்கு. துரையோட ஆராய்ச்சி அறையில இருந்தது. என் கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன்."

சிப்பாயின் துப்பாக்கி முனைக்கத்தி அவர் விலாவில் இருந்தது. அவர் குரல் எப்போதும்போல இருந்தது. போய் எடுத்து வரச் சொன்னார்கள். பித்தளைக் குழாய், கீழே ஒரு சின்னக் கண்ணாடி. அதிகாரி குனிந்து அதில் பார்த்தான். இதை வைத்து என்ன செய்கிறாய் என்றான். வேர் பார்க்கிறேன் என்றார். அதிகாரி சிரித்தான். இனிமேல் எங்களுக்காகப் பார் என்று அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வரிசையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். இந்த ஆள் உண்மை சொன்னான், இனி நீங்கள் சொல்லுங்கள் என்றான். அன்றைக்கு எங்கள் கம்பளி போயிற்று. தட்டு வைத்திருந்த அக்காவின் புருஷனுக்குக் கன்னத்தில் நாலு அறை.

அந்த நாளிலிருந்து அவர் வந்தால் குழாயடியில் பேச்சு நிற்கும்.

அண்ணன் விஷயம் அதற்கு ஆறு மாதம் கழித்து நடந்தது. எனக்குப் பின்னால் என் அண்ணனும் குடும்பத்தோடு இதே தோட்டத்துக்குப் பால்வெட்ட வந்திருந்தான். அரிசியை எல்லாம் ஒப்படைக்கச் சொன்னபோது அவன் இரண்டு மூட்டையை விறகுக் கொட்டகையில் புதைத்து வைத்தான். நாங்கள் மரவள்ளியைத் தின்று, வாரத்தில் ஒரு நாள் மட்டும் அந்த அரிசியில் கஞ்சி வைப்போம். சோதனைக்கு வந்தவர்கள் லயத்தில் எதுவும் கிடைக்காமல் திரும்பும்போது, வழியில் எதிரே வந்த வேர்க்கிராணியை நிறுத்தி, அரிசி ஒளித்ததைப் பார்த்தாயா என்று கேட்டார்கள்.

பார்த்தேன் என்று சொல்லிவிட்டார். இடத்தையும் சொன்னார்.

துப்பாக்கிக் கட்டையால் அண்ணனின் இடப்பக்கத் தலையில் அடித்தார்கள். காதிலிருந்து இரத்தம் வந்தது. மூன்றாவது நாள் அந்தக் காதில் கேட்கவில்லை, பிறகும் கேட்கவே இல்லை. அவன் படுத்திருந்த ஒரு மாதமும் அவர் தினமும் காலையில் வந்து வாசலில் ஒரு வாத்து முட்டையை வைப்பார். எங்கே கிடைத்ததோ. நான் முதல் முட்டையை எடுத்து அவர் முதுகைப் பார்த்து எறிந்தேன். மறுநாளும் கொண்டுவந்தார். ஒருநாள் அண்ணனே எழுந்துபோய்க் கேட்டான்.

"ஏண்ணே, பார்க்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் வெந்தா போயிடும்?"

"உங்க காது போனது என்னாலதான்" என்றார். இனிமேல் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

இரண்டாவது வருஷம் என் வீட்டுக்காரரைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். ரயில் பாதை போடுகிற வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், அரிசி தருவோம் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். மாற்று வேட்டிகூட எடுத்துப் போகவில்லை. மூன்று மாதம் போய், ஆறு மாதம் போய், பதினொரு மாதம் ஆயிற்று. ஒரு செய்தியும் இல்லை. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. வந்துவிடுவார் என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றோரம் இருந்த ரப்பரை வெட்டிச் சாய்த்து ஆமணக்குக்கு நாற்றுப் பாத்தி போட்டார்கள். இந்த எண்ணெய் ஆகாய விமானத்துக்கு என்று அந்தக் கண்ணாடி அதிகாரியே பிரட்டில் பெருமையாகச் சொன்னான். வயிற்றுக்கடுப்பு பரவியிருந்ததால் பாத்தியில் வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்க ஒரு ஆள் வைத்தார்கள். அது நான். மூன்று கல், ஒரு மண்ணெண்ணெய்த் தகரம், ஊற்றிக் கொடுக்க ஒரு கெண்டி.

நாலு பாத்தி. ஒவ்வொன்றிலும் ஒரு சாண் உயரத்துக்குச் சிவந்த தண்டோடு செடிகள் செழித்து நின்றன. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் எங்கே எப்படிக் கிடக்கிறாரோ, இது மட்டும் இங்கே இப்படி வளர்கிறதே என்று இருந்தது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் ஆற்றோர நிழலில் படுத்துக் கிடப்பார்கள். முதல் நாள் முதல் பாத்தியில், தண்டை ஒட்டி வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டே போனேன். மண் உறிஞ்சிக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை. மறுநாள் இரண்டாவது பாத்தி. மூன்றாம் நாள் மண்டோர் அந்தப் பக்கம் நடந்ததால் தகரத்தை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஊற்றும்போது சூடு தணிந்திருந்தது. நாலாம் நாளும் அப்படித்தான் ஆயிற்று.

ஐந்தாம் நாள் நாலு பாத்தியிலும் இலைகள் தொங்கிவிட்டன.

அதிகாரி அன்று மாலையே வந்தான். ஒரு செடியைப் பிடுங்கினான். வேரைத் தடவினான், தோல் வழுக்கிக் கையோடு வந்தது. அவன் கத்தவில்லை. பிரட்டு மணியை அடிக்கச் சொல்லி, பத்துப் பேர் பெயரை வாசித்தான். மூன்றாவது பெயர் என் அண்ணன். ஏழு நாளில் திரும்பி வருவேன், இதைச் செய்தவன் யார் என்று தெரியாவிட்டால் இந்தப் பத்துப் பேரும் சயாமுக்குப் போவார்கள் என்றான். பிறகு வேர்க்கிராணியைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"நீ பார். என்ன ஆயிற்று என்று எனக்கு நீ சொல்ல வேண்டும்."

திடலில் இருந்த இத்தனை பேரும் அவரைப் பார்த்தோம். அவர் சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் காலை அவர் என் அடுப்புக்கு வந்தார். கையில் ஒரு பிடி நாற்று. தகரத்தில் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் அவசரமாக. அவர் அவசரப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். "நீங்க சொன்னா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும். இப்ப வேர் வெந்திருக்குங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"அதை அவன்கிட்ட சொல்வீங்களா?"

"கேட்டா சொல்வேன்."

"வெந்நீர் வெச்சிருக்கிறது இந்தத் தோட்டத்துல யாருன்னு அவனுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"எங்கண்ணன் காது போதலையா உங்களுக்கு? என் கழுத்தும் வேணுமா?" என்றேன்.

அவர் அதற்குக் கோபப்படவும் இல்லை, தலை குனியவும் இல்லை. "வந்து ஒண்ணைப் பாருங்க. பார்த்துட்டு அப்புறம் என்ன வேணா சொல்லுங்க" என்றார்.

போனேன். போகாமல் என்ன செய்வது. அவர் வீட்டு ஜன்னலோரப் பலகையில் அந்தப் பித்தளைக் கருவி இருந்தது. மரவள்ளித் தண்டுக்குள் வெள்ளையாக இருக்குமே சோறு, அதில் ஒரு துண்டை நறுக்கி, நடுவில் கீறி, ஆமணக்கு வேரை அதில் இறுக்கி வைத்தார். சவரக்கத்தியால் குறுக்கே சீவினார். வேர் தனியாக இருந்தால் நசுங்கும், சோற்றோடு சேர்த்துச் சீவினால் நசுங்காது என்றார். இருபது தடவை சீவியிருப்பார். அதில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஒன்றைத் தண்ணீரில் எடுத்து, ஒரு சொட்டுச் சிவப்பு மை விட்டுக் கழுவி, ஒரு கண்ணாடித் துண்டில் வைத்தார்.

"முதல்ல நல்ல வேர். பாத்திக்கு வெளிய தானா முளைச்ச செடியிலேருந்து எடுத்தது."

நான் குனிந்தேன். முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு திடீரென்று தெளிந்தது. சின்னச் சின்ன அறைகள். சுவர் சுவராக, வட்டத்துக்குள் வட்டமாக. வெளிவட்டத்தில் சப்பையான அறைகள், அதற்குள்ளே பருத்த அறைகள் நாலைந்து சுற்று, பிறகு நெருக்கமாக ஒரு வளையம், நடுவில் நாலு முனையுள்ள ஒரு நட்சத்திரம். எல்லாம் வெள்ளையாக இருந்தன. மை அறைகளுக்கு வெளியிலேயே நின்றிருந்தது.

"உயிரோட இருக்கிற அறை மையை உள்ள விடாது. செத்துப்போனா உடனே ஏறிடும்" என்றார்.

அப்புறம் நீளவாக்கில் சீவின நுனி ஒன்றைக் காட்டினார். நுனியில் ஒரு தொப்பி. மண்ணில் உரசி உரசி அது தேயுமாம், பின்னாலிருந்து புதிதாக வந்துகொண்டே இருக்குமாம். அந்தத் தொப்பிக்குப் பின்னால்தான் அறைகள் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. பிரிந்தவை வரிசையாகப் பின்னால் ஒதுங்கி, நீண்டு, ஒவ்வொரு வேலைக்குப் போகின்றன.

"ஓரத்துல நிக்கிறது தோல் ஆகும். நடுவுல நிக்கிறது குழாய் ஆகும். இன்னது செய்யின்னு சொல்ல மண்டோர் யாரும் இல்லை. எந்த இடத்துல நிக்குதோ அந்த வேலை. இங்க பாருங்க, நட்ட நடுவுல ஒரு சிலது பிரியவே மாட்டேங்குது. சும்மா இருக்கு. துரையோட புத்தகத்துல இதைப்பத்தி ஒண்ணும் இல்லை. அறுபது வேர் பார்த்துட்டேன். எல்லாத்துலயும் இருக்கு. ஏன்னு தெரியலை."

அவர் முகத்தைப் பார்த்தேன். பத்துப் பேர் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது, இந்த ஆளின் முகத்தில் சந்தோஷம் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்தது முதல் பாத்தி வேர். முழுக்கச் சிவப்பு. சுவரெல்லாம் இடிந்து, எது தோல் எது குழாய் என்று தெரியவில்லை. நான் செய்தது அது. கடைசியாக நாலாம் பாத்தியிலிருந்து ஒன்று வைத்தார். வெளியெல்லாம் சிவப்பு. உள்ளே அந்த நெருக்கமான வளையமும் நட்சத்திரமும் மட்டும் வெள்ளை.

"இது சாகலை" என்றார். "பக்க வேர் வெளியிலேருந்து முளைக்கிறதில்லை. இந்த வளையத்துக்கு உள்பக்கம்தான் கிளம்பும். வெளிச்சதையைக் கிழிச்சுக்கிட்டு வரும். இந்த ரெண்டு பாத்தியும் பிழைக்கலாம். பிழைக்கும்னு நான் சொல்லலை."

"பிழைச்சா?"

"செடி நின்னுட்டா எவன் கொன்னான்னு கேக்க அவனுக்குத் தோணாம போகலாம். கேக்காட்டி நான் சொல்ல வேண்டியதில்லை."

"நான் சாகடிச்சதை நானே பிழைக்க வெச்சு, அவன் விமானத்துக்கு எண்ணெய் கொடுக்கணுமா?"

"ஆமா" என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. "வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. நான் கை வைக்கலை."

அன்று மத்தியானம் அண்ணி தன் இரண்டு பிள்ளைகளோடு வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அண்ணன் கேட்கிற காதைக் கையால் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். நான் நேரே பாத்திக்குப் போனேன்.

ஆறு நாள். இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டோம், இல்லாவிட்டால் வேர் இல்லாத செடி தன் ஈரத்தை இலை வழியாக இழந்து காய்ந்துவிடும் என்றார். லாலாங் புல்லை அறுத்துப் பந்தல் போட்டோம். ஒவ்வொரு செடியாக அடியைத் தோண்டி, அழுகிய தோலை வழித்து, ஆற்று மணலும் இலைமக்கும் போட்டு மூடினோம். அண்ணனும் வந்து செய்தான். எதற்கு என்று அவன் என்னைக் கேட்கவில்லை. தெரிந்துதான் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நாலாம் நாளும் ஒன்றும் இல்லை. அன்றைக்குத்தான் நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"ஒரே ஒரு பொய். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

மண்வெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரு மழைநாளில், தோண்டாமலே ஒரு வரிசை மரங்களுக்கு 'வேர் நலம்' என்று எழுதிவிட்டாராம். மேலே பார்த்தால் மரம் பச்சையாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்துக் காற்றில் அதில் ஒரு மரம் சாய்ந்தது. கீழே பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நசுங்கினாள்.

"மரத்தைத் தூக்குற வரைக்கும் அவ கை மட்டும் வெளிய தெரிஞ்சது. அதுலேருந்து பார்க்காததைச் சொல்ல வரமாட்டேங்குது. பார்த்ததை மாத்திச் சொல்லவும் வரமாட்டேங்குது. முயற்சி பண்ணிப் பார்த்திருக்கேன். உங்கண்ணன் விஷயத்துலயும் முயற்சி பண்ணினேன்."

அவர் மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் காலை, நாலாம் பாத்தியின் ஓரத்துச் செடி. கருத்துச் சுருங்கிய வேரின் மேலே இரண்டு இடத்தில் தோல் வெடித்திருந்தது. வெடிப்பில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக ஒன்று. அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துவிட்டார். எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் போய்த் தொட்டபோது, "வந்திருச்சு" என்றார். மூன்றாம் பாத்தியில் பாதி, நாலாம் பாத்தியில் முக்கால்வாசி பிழைத்தது. முதல் இரண்டையும் பிடுங்கிப்போட்டுப் பாத்தியைக் கொத்திவிட்டோம்.

ஏழாம் நாள் அதிகாரி வந்தான். பின்னால் பெரிய லாரியும் வந்தது. பத்துப் பேரும் துணி மூட்டையோடு நின்றார்கள். அதிகாரி பந்தலுக்குள் குனிந்து போனான். ஒரு செடியைத் தோண்டிக் காட்டச் சொன்னான். காட்டினார். விரல் நக நீளத்துக்கு வெள்ளை வேர். அதிகாரி அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். நல்லது என்றான். திரும்பி நடந்தான்.

நான் மூச்சு விட்டேன். அவன் நின்றான்.

"ஆனால் மற்றது எதனால் செத்தது?" என்று மலாயில் கேட்டான்.

அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அடுப்பருகில் நின்றிருந்தேன். தகரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதை இறக்கி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அதிகாரி பந்தலைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். "மாத்தாஹாரி?" என்றான். மலாயில் வெயில், சூரியன்.

அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நாலு பேர் சேர்ந்து பிடித்து வளைத்தமாதிரி அவர் தலை மெதுவாகக் கீழே போய் மேலே வந்தது.

"ஆமாம் துவான். மாத்தாஹாரி."

முதலிலேயே பந்தல் போட்டிருக்க வேண்டும் என்று மண்டோரின் கன்னத்தில் ஒன்று விட்டுவிட்டு அதிகாரி போனான். லாரி காலியாகத் திரும்பியது. அண்ணி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். நான் அவரைத் தேடிப் போனேன். ஆற்றோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கும்பிடப் போன என் கையைப் பார்த்துவிட்டு, "வேணாம்மா" என்றார். அடுத்த பத்துப் பதினைந்து நாள் யாரோடும் பேசவில்லை. குழாயடிப் பெண்கள் தாங்களாகவே போய் அவர் குடத்தை நிரப்பி வாசலில் வைத்தார்கள்.

சண்டை முடிந்து துரை திரும்பி வந்தார். ஜப்பான்காரனுக்கு ஒத்தாசை செய்தது யார் என்று ஆபீசில் விசாரணை நடந்தது. ஆமணக்கைப் பிழைக்க வைத்தது வேர்க்கிராணி என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். அண்ணனும் நானும் சாட்சி சொல்லப் போனோம். அண்ணன் தன் காதைக் காட்டியே பேசினான். "இது போனது இவராலதான் தொரை. ஆனா நான் இங்க நிக்கிறதும் இவராலதான்" என்றான். வெந்நீர் ஊற்றியது நான்தான் என்று நானே சொன்னேன். துரை என்னைப் பார்த்து, நீ தைரியசாலி என்று தோட்டத்துத் தமிழில் பாராட்டினார். பிறகு வேர்க்கிராணியிடம் திரும்பினார். அவரைக் காப்பாற்றத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"இந்தப் பத்துப் பேரைக் காப்பாத்தத்தானே நீ அந்தச் செடியைப் பிழைக்க வெச்சே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. நான் மனதுக்குள் அவருக்காக அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பாதி அதுக்காகத்தான் துரை" என்றார். "பாதி, அந்த வளையத்துலேருந்து வேர் வருமான்னு பார்க்கணும்னு இருந்தது."

துரை பேனாவைக் கீழே வைத்தார். எதிரியின் செடியில் ஆசை வைத்தாயா என்றார். செடியில்தான் வைத்தேன் என்றார் வேர்க்கிராணி. மாத முடிவுக்குள் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள்.

மைக்ராஸ்கோப்பை ஆபீசில் ஒப்படைத்துவிட்டு, ஒரு தகரப்பெட்டியோடு நடந்து போனார். சுங்கைப் பட்டாணியில் ஒரு பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டோம்.

சயாமிலிருந்து ஒருவர் இருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் வரவில்லை. வந்துவிடுவார் என்று எல்லாரும் சொன்னார்கள். கோயிலில் குறி கேட்டார்கள், பூசாரியும் அவர் வடக்கே இருக்கிறார் என்றார். ஆறு மாதம் அப்படிப் போயிற்று. ஒருநாள் அண்ணனிடம் ஒரு துண்டுக் காகிதம் வந்தது. தங்கையைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரவும் என்று மட்டும் எழுதியிருந்தது.

சுங்கைப் பட்டாணி ஸ்டேஷன் வாசலில் வேர்க்கிராணி எங்களுக்காகக் காத்திருந்தார். இளைத்திருந்தார். வாரத்தில் மூன்று நாள், வடக்கிலிருந்து ரயில் வரும்போதெல்லாம் போய் நின்று, இறங்குகிறவர்களிடம் எங்கள் தோட்டத்தின் பெயரையும் என் வீட்டுக்காரர் பெயரையும் சொல்லிக் கேட்டிருக்கிறார். யாரும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை.

"ஒருத்தரைப் பார்த்தேன்" என்றார். "பக்கத்துக் காப்பிக்கடையில உட்கார்ந்திருக்கார். நான் சொல்றதைக் கேட்டுக்கிட்டா போதாது. நான் நேரா பார்க்கலை. அவர் பார்த்தவர். நீங்களே கேளுங்க."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் போய்க் கேட்டேன். எலும்பாக இருந்த அந்த மனிதர் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். காலராவாம். அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதமே. மழை பெய்துகொண்டிருந்ததாம். தானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து குழி தோண்டினார்களாம். என் வீட்டுக்காரர் கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் கேட்டார், கொடுத்தோம் என்றார். இடது கணுக்காலில் இருந்த தழும்பைக்கூடச் சொன்னார். சந்தேகப்பட ஒன்றும் மிச்சம் இல்லை.

வேர்க்கிராணி கடைக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நான் அழுது முடிக்கிறவரைக்கும் உள்ளே வரவில்லை. புறப்படும்போது அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்குத் தாலியைக் கழற்றினேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். இரண்டரை வருஷத்தில் முதல் தடவையாக, வாசலில் காலடி கேட்கிறதா என்று காதை வைத்துக்கொள்ளாமல், விடியும்வரை தூங்கினேன்.